மலையடியில் நின்றவள்

அந்தப் படத்தில் முதலில் பாறைதான் தெரியும். பெரிய கரும்பாறை, மேலே மேகம். கொஞ்ச நேரம் பார்த்தால்தான் அடியில், கடுகளவுக்கு, குனிந்து சுள்ளி பொறுக்குகிற ஒரு பெண் கண்ணில் படுவாள். அவளைக் கண்டதும் பாறை சட்டென்று வளர்ந்துவிடும். அவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அவள்மேல் எனக்கிருந்த பொறாமையை இந்த வயசில் மறைப்பானேன்?

என் வீட்டுக்காரருக்கு ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் தரம் பிரிக்கிற வேலை. யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய் ஒருவரிடம் பெட்டிக் கேமரா வாங்கி வைத்திருந்தார். முதலாளி பாய் என்பதால் வெள்ளிக்கிழமைதான் ஷாப்புக்கு லீவு. காலையிலேயே அவர், ஓரகத்தி, நான் மூணு பேரும் மலைக்குக் கிளம்பிவிடுவோம். "வெறும் பாறைய எடுத்தா கூழாங்கல்லா மலையான்னு எவனுக்குத் தெரியும்? ஒரு ஆளு வேணும். ஆனா ஆளு மலையத் தின்னுடக் கூடாது" என்பார். அந்த ஆள் எப்போதும் அவள்தான். நான் சோற்று மூட்டையோடு அவருக்குப் பின்னால் நிற்பேன்.

"இன்னா கொழுந்தனாரே, என்னப் பாத்தா முழக்கோல் மாதிரியா கீது?" என்று சிரித்துக்கொண்டே போவாள். போனதும் கேமராவை மறந்து சுள்ளி பொறுக்கத் தொடங்கிவிடுவாள். "அண்ணி, அப்படியே இருங்க" என்பார் இவர். அந்தக் குரலில் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதில் தப்பு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் வயிறு எரியாமல் இருக்குமா?

ஒரு தரம் அவள் தாய்வீடு போயிருந்தாள். "சரி, நீ நில்லு" என்றார். நான் கல்யாணப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, முகத்தில் பவுடரும் அப்பிக்கொண்டு போனேன். "பாறையப் பாத்துத் திரும்பு" என்று கத்தினார். எனக்குத் திரும்ப மனசில்லை. எத்தனை வருஷம் கழித்து அவர் என்னைப் பார்க்கிறார்! நேராக அவரையே பார்த்து நின்றேன்.

படம் கழுவி வந்தது. வெள்ளை வெளேரென்று என் முகம்தான் கண்ணில் அடித்தது. "மலை எங்கடி? ஜல்லி கொட்டி வச்சா மாதிரி கீது" என்று அவர் சிரித்தார். ஊரிலிருந்து திரும்பியிருந்த ஓரகத்தி அதை வாங்கிப் பார்த்தாள். "போங்க கொழுந்தனாரே, பொண்ணு எவ்ளோ அழகா கீது" என்றாள். அவள் என் பக்கம் பேசியதுதான் ஜாஸ்தி எரிந்தது. அப்புறம் அவர் என்னை நிற்கச் சொல்லவில்லை.

சில வருஷத்தில் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். மாலை போடப் படம் தேடினோம். பெட்டி நிறைய அவள் இருந்தாள், முகம் மட்டும் ஒன்றிலும் இல்லை. கடைசியில் அந்தப் பாறைப் படத்தையே பெரிசு பண்ணி மாட்டினார்கள். என் வீட்டுக்காரர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு கேமராவைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார்.

இப்போது அவரும் இல்லை. எனக்கு மாட்ட ஒரு முகப்படத்தைப் பேரன் எடுத்து வைத்திருக்கிறான். அவளுக்கோ ஒரு மலையே கிடைத்தது. கேமராவை இறக்குங்கள் என்று அவரிடம் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. கேட்டு, அவர் சரியென்றிருந்தால், பழைய புடவை கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றிருப்பேன்.