பக்கத்து வீட்டுத் தண்ணீர் ஒளிர்ந்த காலை

தலைப்பிரசவத்துக்கு மகள் தாயில்பட்டி வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்கு எதைக் கொடுத்தாலும் எனக்குப் பயம். பாலை இரண்டு முறை காய்ச்சுவேன். எல்லாவற்றையும்விட எங்கள் போர் தண்ணீர்தான் உறுத்தியது. பிடித்து வைத்த கொஞ்ச நேரத்தில் மேலே ஆடை போல ஏதோ படியும்.

அதனால்தான் விருதுநகரிலிருந்து தண்ணீர் சோதிக்க வந்த ஆராய்ச்சி மாணவியை நானே வலியக் கூப்பிட்டேன். எலுமிச்சைச் சாற்றைச் சுட வைத்து எடுத்த கரியாம், கண்ணுக்கே தெரியாத பொடி. அதைக் கரைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஒரு கண்ணாடிக் குழாயில் எங்கள் தண்ணீர், இன்னொன்றில் அவளே போய் வாங்கி வந்த பக்கத்து வீட்டு மதினியின் போர் தண்ணீர். இரண்டிலும் கரைசலைச் சொட்டு விட்டு, அட்டைப்பெட்டிக்குள் வைத்து ஊதா டார்ச் அடித்தாள்.

மதினி என் கணவரின் அக்கா. நாங்கள் போர் போட்டதால்தான் அவள் போரில் நீர் இறங்கிவிட்டதென்று இரண்டு வருடமாகப் பேச்சில்லை.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மதினியின் தண்ணீர் நீலமாக ஒளிர்ந்தது. எங்களுடையது இருட்டாகக் கிடந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பட்டாசுக் கம்பெனியில் வண்ண மருந்து சலித்தவள் நான். பச்சைக்கு ஓர் உலோக உப்பு, சிவப்புக்கு இன்னொன்று. வெளிச்சம் வந்தால் உள்ளே உலோகம் இருக்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாணவி வாய் திறப்பதற்குள் தெருவுக்கு வந்துவிட்டேன்.

“எல்லாரும் வந்து பாருங்க! மதினி தண்ணியில விசம்! மத்தாப்பு கணக்கா எரியுது!”

மதினி வாசலுக்கு வந்தாள். “எரியுறது உன் நாக்குத்தாண்டி. அதைப் பெட்டிக்குள்ள வச்சுப் பாரு.”

மாணவி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். “அம்மா, மாத்திச் சொல்லிட்டீக. இந்தக் கரி தானாவே மினுங்கும். தண்ணியில உலோகம் இருந்தா அது போய் ஒட்டிக்கிட்டு வெளிச்சத்தை அமத்திரும். அணைஞ்சது உங்க தண்ணிதான்.”

“என்ன உலோகம்?”

“லேப்ல பாத்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் பிள்ளைத்தாச்சிக்கு இதைக் குடுக்காதீக. அவுக தண்ணியில அப்படி ஒண்ணும் காணோம்.”

இத்தனை நாளும் என் கையாலேயே ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். வீட்டிலிருந்த குடங்களையெல்லாம் கவிழ்த்தேன். ஊர்க் குழாயில் தண்ணீர் வர நாலு நாள் ஆகும், கேன் வண்டியும் போய்விட்டது. உள்ளே மகள் தாகம் என்றாள். காலிக் குடத்தோடு மதினி வீட்டுக்குப் போனேன்.

குழாயின் மேல் கையை வைத்தபடி நின்றாள். “எரியுற தண்ணி எதுக்குடி உனக்கு?”

“எனக்கில்ல மதினி. உங்க தம்பி மகளுக்கு.”

“எம் மருமகளுக்கு நான் குடுப்பேன். நீ அங்கன நின்னு கத்துனேல்ல, அதே இடத்துல நின்னு, அதே சத்தத்துல மாத்திச் சொல்லு. பெறகு குடத்தை வையி.”

தெருவில் ஒருவரும் வீட்டுக்குள் போகவில்லை. போய் நின்றேன். “மதினி தண்ணி நல்ல தண்ணி. எங்க தண்ணிதான் கெட்டது.”

“கேக்கல,” என்றாள்.

இன்னொரு தடவை கத்தினேன். யாரோ சிரித்தார்கள். அவள் குழாயைத் திறந்தாள். குடம் நிறையும்வரை அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

“நாளைக்கு வெள்ளனே வந்துரு. வெயில் ஏறுனா மோட்டார் போட மாட்டேன்.”

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அவளைக் கண்டால் இன்றும் எனக்குப் பிடிக்காது. ஆனால் மகளுக்குப் பிரசவமாகும்வரை ஒரு நாள்கூட நான் தாமதமாகப் போனதில்லை.