அறுபதாம் நாள்

காலை பதினொன்றே காலுக்குக் கரெண்ட் போனது. பெங்களூரில் அது புதிதல்ல. ஆனால் அன்று எங்கள் மருத்துவமனையில் ஜெனரேட்டர் ஓடவில்லை. வழக்கமான சர்வீஸுக்காக அதைத் திறந்து வைத்திருந்தார்கள். யு.பி.எஸ். பேட்டரிகளையும் சோதனைக்காகத் துண்டித்திருந்தார்கள். இரண்டு வேலைக்கும் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டது எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசரான நான்தான்.

ஐ.சி.யு.வுக்கு ஓடினேன். வென்டிலேட்டர்கள் தத்தம் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் நின்றுவிட்டது. அதில் இருந்த பெரியவருக்கு ஸ்டெல்லா சிஸ்டர் ஆம்பு பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நேரம்ணா ஆவும்?"

"பத்து நிமிஷம் சிஸ்டர்."

"நான் அமுக்கிட்டே இருக்கேன். நீங்க போங்க."

கீழே போய் ஆட்களோடு சேர்ந்து பேட்டரிகளை மறுபடி இணைத்தேன். ஒன்பது நிமிடம் ஆனது. பெரியவர் பிழைத்துக்கொண்டார். சிஸ்டரால் அன்று மதியம் ஸ்பூனைக்கூடச் சரியாகப் பிடிக்க முடியவில்லை.

"ஏதோ டைம் சரியில்ல, விடுங்க. எதிர்பாராததுன்னு ரிப்போர்ட் எழுதிடுங்க" என்றார் மேனேஜர். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. சிஸ்டர் விடவில்லை.

"ரெண்டு வேலையும் ஒரே நாள்ல எப்டிண்ணா வந்துச்சு? காலண்டர எடுங்க."

ஜெனரேட்டர் வேலை 12 நாளுக்கு ஒருமுறை, யு.பி.எஸ். வேலை 15 நாளுக்கு ஒருமுறை. புது யு.பி.எஸ். மாட்டிய நாளிலிருந்து இரண்டையும் எண்ண ஆரம்பித்திருந்தோம். சிஸ்டர் அந்த நாளிலிருந்து எண்ணி நீல மையில் வட்டம் போட்டார்: 12, 24, 36, 48, 60. நான் சிவப்பில் போட்டேன்: 15, 30, 45, 60.

"தோ, இன்னிக்கு, 60ல இடிக்குது. 120லயும் இடிக்கும்."

"அப்போ யு.பி.எஸ்.ஸ 16 நாளாக்கிடலாம் சிஸ்டர்."

அவர் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். "48லயே இடிக்குமேண்ணா!"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இருபது வருட சர்வீஸ். பெருக்கல் மூன்றாம் வகுப்புப் பாடம்.

அன்று கோலார் தங்கவயலுக்குத் திரும்பும் ரயிலில் வட்டம் போட்ட அந்தக் காலண்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். 12, 15 இரண்டுமே மூன்றால் வகுபடும். இடைவெளியை மாற்ற வேண்டாம், யு.பி.எஸ். வேலையை ஒரே ஒரு நாள் தள்ளினால் போதும்: 61, 76, 91, 106. இவற்றில் எதை மூன்றால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். ஜெனரேட்டர் நாள்களில் எதுவும் மிஞ்சாது. எத்தனை வருடம் போனாலும் இரண்டும் ஒரே நாளில் வராது.

மறுநாள் புது அட்டவணையை சிஸ்டரிடம் காட்டினேன். அவர் 200 வரை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

ரிப்போர்ட்டில் 'எதிர்பாராதது' என்று நான் எழுதவில்லை. 'அட்டவணை போட்ட அன்றே சூப்பர்வைசருக்குத் தெரிந்திருக்க வேண்டியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.