பெயர் சொல்லாத இருவர்

சின்னம்மாவுக்கு ஒன்று தெரியும், இரண்டு தெரியும், நான்கிலிருந்து நூறு வரைக்கும் தெரியும். மூன்று மட்டும் வாயில் வராது. கணவர் பெயர் முனுசாமி. அந்தப் பெயரின் வாடை அடிக்கிற எந்தச் சொல்லையும் கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னதில்லை. பாசாரில் மீன் வாங்கும்போது ஒண்ணு, ரெண்டு, தீகா, நாலு என்றுதான் எண்ணுவாள். மூன்றுக்கு மட்டும் மலாய் கைகொடுத்தது. மீன் விற்கும் சீனக் கிழவருக்கு இது பழகிப்போய், இவள் தூரத்தில் வரும்போதே தீகா வருகிறாள் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார்.

வேறு விதங்களில் முனுசாமிக்குப் பெரிய மரியாதை எதுவும் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. மாநகர் மன்றத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்று, இப்போது டிவிக்கு முன்னால் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கிற அந்த மனிதரை அவள் ஏசாத நாள் கிடையாது. ஆனால் எல்லா ஏச்சும் 'இந்தாங்க' என்றுதான் தொடங்கும். கிளினிக்கில் தாதி கணவர் பெயரைக் கேட்டால் அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிடுவாள். மகன் ஹரீஷ் சிங்கப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் இதை வைத்துக் கேலி செய்வான். பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று அவள் நம்பினாளா, இல்லை வெறும் பழக்கமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. வராது, அவ்வளவுதான்.

கெப்பாலா பத்தாஸில் பிறந்து, வாழ்க்கைப்பட்டு ஜார்ஜ் டவுனுக்கு வந்து, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பாதி ஆயுளைக் கழித்தவள். வேலையிலிருந்து நின்றதும் சும்மா இருக்கப் பிடிக்காமல் வீட்டின் பின்னறையை வாடகைக்கு விட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சந்து என்பதால் ஆளுக்குப் பஞ்சமில்லை. கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் நோயாளிகளோடு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள். யாருக்கு என்ன நோய், யார் வீட்டில் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் இரண்டாம் நாளே சின்னம்மாவுக்குத் தெரிந்துவிடும். மனிதர்களை ஒரு பார்வையில் படித்துவிடுவதாக அவளுக்கு ஒரு நினைப்பு. பெரும்பாலும் அது சரியாகவும் இருந்து தொலைத்தது.

அப்படித் தன் தாயாரோடு வந்து தங்கியவள்தான் காமினி. அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது வக்கீல். ஓராங் அஸ்லி எனப்படும் பழங்குடி மக்களின் நில வழக்குகளை எடுத்துக்கொண்டு காடு மேடெல்லாம் அலைகிறாள். ஒருநாள் மாலை அவள் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தாள். நாற்பது வயதிருக்கும். ஒரு துணிப்பை, ஒரு கைப்பேசி, வேறெதுவும் இல்லை. பெயர் ரொஹானி.

கதையைக் காமினி சமையலறையில் வைத்துத் தணிந்த குரலில் சொன்னாள். கிரிக் ஊரையும் தாண்டிக் காட்டுக்குள்ளே, ஆற்றோரக் கிராமம். மரக் கம்பெனி ஒன்று காட்டை வெட்ட வந்தபோது பாதையை மறித்துக் குடிசை போட்டு உட்கார்ந்தவர்களுக்குத் தலைவர் ரொஹானியின் கணவர். இரண்டு வருடங்களுக்கு முன், மறியலிலிருந்து வீடு திரும்புகிற வழியில், பாலத்தருகே அவரையும் பத்தொன்பது வயது மகனையும் சுட்டுவிட்டார்கள். தங்கையின் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்துகொண்டிருந்த ரொஹானி பார்த்துவிட்டாள். சுட்டவன் யார் என்பதும் தெரியும். போலீஸ் விசாரித்தது, பிறகு விசாரிக்கவில்லை. சில மாதங்களாக யார் யாரோ அந்தியில் மோட்டார் சைக்கிளில் வந்து அவள் வீட்டு முன்னால் நின்றுவிட்டுப் போகிறார்கள். அதனால்தான் இங்கே கூட்டி வந்தது.

உரிமை அமைப்புகள் சேர்ந்து ஜார்ஜ் டவுனில் ஒரு விசாரணைக் குழு நடத்தப் போகின்றன. தண்டனை கொடுக்கிற அதிகாரம் அதற்குக் கிடையாது. ஆனால் கண்ணால் பார்த்தவள் உறுதிமொழி எடுத்து, கொலைகாரன் இன்னான் என்று எல்லார் முன்னாலும் சொன்னால், மூடி வைத்த கோப்பைத் திறக்காமல் போலீஸ் தப்ப முடியாது என்பது காமினியின் கணக்கு. தங்கை பயந்துபோய் ஊரை விட்டே போய்விட்டாள். மிச்சம் இருந்தது ரொஹானி மட்டும்.

இறந்தவர்கள் இருவரின் பெயரையும் காமினி அன்றைக்குச் சொன்னாள். அவற்றை இங்கே எழுதாமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது.

ரொஹானி ஒரு மாதம் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். பின்கட்டில் சும்மா கிடந்த இடத்தில் மரவள்ளிக் குச்சி ஊன்றினாள். முனுசாமிக்குக் கோப்பி கலந்து வைப்பாள். அவர் நன்றி சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள். சாமியறைக்குப் பக்கத்துச் சுவரில் மாமனார் மாமியார் படங்கள் மாலையும் சின்ன விளக்குமாக மாட்டியிருந்தன. அந்தப் பக்கம் மட்டும் அவள் போகவே மாட்டாள். கூடத்திலிருந்து பின்னறைக்குப் போக வெளியே இறங்கிச் சுற்றிக்கொண்டு போவாள். நம் சாமிக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறாள் பாருங்கள் என்று சின்னம்மா எதிர்வீட்டு ஜன்னத்திடம் பெருமையாகச் சொன்னாள்.

விசாரணைக்கு நாலைந்து நாள் இருக்கும்போது காமினி வந்து பேசிப் பழக்கப்படுத்தினாள். சம்பவத்தை ரொஹானி தடுமாறாமல் சொன்னாள். கணவர் பெயர் என்ன, மகன் பெயர் என்ன என்ற இடத்தில்தான் வண்டி நின்றது. காமினி திரும்பத் திரும்பக் கேட்டாள். முடியாது என்ற ஒரு சொல்லைத் தவிர ரொஹானியிடமிருந்து எதுவும் வரவில்லை. காமினி முகம் விழுந்துவிட்டது. யாராவது மிரட்டிவிட்டார்களோ, கடைசி நேரத்தில் பின்வாங்குகிறாளோ என்று பயந்தாள். ரொஹானி எழுந்து பின்னறைக்குப் போனதும், வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சின்னம்மா உள்ளே வந்தாள்.

"விடுமா. அது வராது. நான் சொல்லுவேனா? புருஷன் பேரு. நம்ம மாதிரிதான் அவளும்."

"பேர் ரெக்கார்டுல வரணும் ஆண்டி. இல்லன்னா அந்தக் கம்பெனி வக்கீல் விடமாட்டான்லா."

"வேற யாராச்சும் படிக்கட்டும். அவ ஆமான்னு தலையாட்டிட்டுப் போறா. இதைப் போயி அவகிட்ட நோண்டிக்கிட்டு இருக்காத, கூச்சப்படுவா."

காமினிக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அவளுக்கு நூறு வேலை. குழுவின் செயலாளரிடம் பேசி ஏற்பாடு செய்துவிட்டாள். ரொஹானியிடம் யாரும் கேட்கவில்லை. மகன் பெயரையும் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்ற கேள்வி சின்னம்மாவுக்கு வந்திருக்க வேண்டும். தன்னைப் போலவே ஒருத்தி அகப்பட்டுவிட்ட சந்தோஷத்தில் அது வரவில்லை. எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதான் என்று அன்றிரவு முனுசாமியிடம் சொல்லி, அவர் ஆமாம் போடாததற்கு ஏசவும் செய்தாள்.

விசாரணை கடற்கரைத் திடலான பாடாங் கோத்தா பக்கத்தில் ஒரு பழைய மண்டபத்தில் நடந்தது. சின்னம்மா நல்ல சேலை உடுத்திக்கொண்டு முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்தாள். ரொஹானி மேசைக்கு எதிரே உட்கார்ந்து உறுதிமொழி எடுத்தாள். பக்கத்தில் அவள் மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர் இருந்தார். செயலாளர் மைக்கை இழுத்துச் சரிசெய்து, இறந்தவரின் பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்துக் கணீரென்று படித்தார். பிறகு மகனின் பெயர். மைக் இரைந்ததால் இரண்டையும் மறுபடியும் படித்தார். மொழிபெயர்ப்பாளர் கையைத் தூக்கித் தடுக்கப் பார்த்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ரொஹானி தலையாட்டவில்லை. திரும்பி வாசலைப் பார்த்தாள். யாரோ உள்ளே வருகிறார்களோ என்று மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் இல்லை. அவள் எழுந்து, நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டு, வெளியே நடந்தாள்.

கம்பெனி வக்கீல் குரலை உயர்த்தவில்லை. இறந்தவர் தன் கணவர் என்பதையே சாட்சி உறுதி செய்ய மறுத்துவிட்டார், அவர் வாக்குமூலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றார். குழுத் தலைவர் மதிய இடைவேளை முடியும் வரை நேரம் கொடுத்தார். அதற்குள் வராவிட்டால் சாட்சி இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மொழிபெயர்ப்பாளர் காமினியிடம் வந்து ஏதோ சொன்னார். காமினி வெளிறிப்போய்ச் சின்னம்மாவைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. அது சின்னம்மாவுக்கு இன்னும் வலித்தது.

முழங்கால் வலியோடு அவள் திடலைக் கடந்து போனாள். ரொஹானி கடற்சுவரின் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு குடும்பம் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. சின்னம்மா தள்ளியே உட்கார்ந்தாள். அவர்கள் எப்போதும்போல மலாயில்தான் பேசினார்கள்.

"படிக்கச் சொன்னது காமினி இல்ல. நான். உனக்கும் என்னை மாதிரின்னு நெனச்சேன்."

ரொஹானி கடலிலிருந்து திரும்பினாள். கோபம் இருந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. வழக்கம்போல அத்தை என்கிற மலாய்ச் சொல்லால்தான் கூப்பிட்டாள்.

"மாக்சிக், உங்க ஆளு உயிரோட இருக்காரு. நீங்க சொல்லாதது அவரு இருக்கணும்னு. நாங்க சொல்லாதது அவங்க போகணும்னு."

அப்புறம் மெல்ல மெல்லச் சொன்னாள். செத்தவர்கள் நடந்து போய்க்கொண்டிருப்பார்கள். பெயர் காதில் விழுந்தால் நின்று திரும்பிப் பார்ப்பார்கள், வழி தப்பிவிடும். அதனால் அவர்கள் இருந்த வீட்டைக்கூட விட்டுவிட்டு வேறு வீடு கட்டிக்கொண்டாள். இரண்டு வருடமாக ஊரில் ஒருவரும் அந்தப் பெயர்களைச் சொல்லவில்லை. அதே பெயருள்ள ஒரு பையனைக்கூட வேறு பெயரில் அழைக்கிறார்கள். உங்கள் வீட்டில் செத்தவர்களைக் கூப்பிட்டு விளக்கேற்றிச் சோறு வைக்கிறீர்கள்; அது உங்கள் வழக்கம், அதனால்தான் அந்தப் பக்கம் நான் வரவில்லை என்றாள்.

பெற்ற பிள்ளையையும் கட்டியவனையும் பாலத்தருகே பறிகொடுத்தவள், அவர்கள் நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று இரண்டு வருடம் வாயைக் கட்டியிருக்கிறாள். சின்னம்மாவோ ஒரே நாளில், எல்லாம் தெரிந்தவளாட்டம், அதைக் கெடுத்துவிட்டாள். மன்னித்துக்கொள் என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதாள். ஐஸ்கிரீம் குடும்பம் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது.

"அந்த மைக் சத்தம் வெளிய கேட்டுச்சா?" என்று ரொஹானி கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று சின்னம்மாவுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆறுதலாக இருக்குமே. ஆனால் ஏற்கெனவே அவளுக்கு நல்லது என்று நினைத்துச் செய்தது போதும்.

"கேட்டுச்சு. ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்."

"அப்ப அவங்க திரும்பியிருப்பாங்க."

சின்னம்மா அவளை வா என்று கூப்பிடவில்லை, சாட்சியைப் பற்றியும் பேசவில்லை. ஊருக்குத் திரும்பிப் போய்விடுகிறேன் என்று இவள் சொன்னால், பஸ் ஏற்றிவிட்டு வருவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். காமினி ஏசினால் ஏசட்டும். வெயில் ஏறியது. ரொஹானி எழுந்து சாரோங்கைத் தட்டிவிட்டுக்கொண்டு, மண்டபம் இருந்த திசைக்கே நடக்கத் தொடங்கினாள்.

மண்டபத்தில் இந்தத் தடவை எல்லாரும் ஜாக்கிரதையாக இருந்தார்கள். தலைவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இனி அந்தப் பெயர்களை யாரும் சொல்ல மாட்டார்கள் என்று உறுதி கொடுத்தார். ரொஹானி தலையை அசைத்து மறுத்தாள்.

"கூப்பிட்டுட்டீங்க. ரெண்டு பேரும் வந்துட்டாங்க. வந்தவங்களைச் சும்மா நிக்க வெக்கக் கூடாது. நான் சொல்றதை அவங்களும் கேக்கட்டும்."

பிறகு கணவரின் பெயரைத் தன் வாயால் சொன்னாள். மகனின் பெயரைச் சொன்னாள். பாலம், பிக்கப் வண்டி, அதிலிருந்து இறங்கியவன், முதலில் யாரைச் சுட்டான், மகன் அப்பாவை நோக்கி எப்படி ஓடினான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சுட்டவனின் பெயரையும் அவன் யாரிடம் வேலை செய்கிறான் என்பதையும் சொன்னாள். கம்பெனி வக்கீல் எழுந்து குறுக்கிட்டார்; தலைவர் அவரை உட்காரச் சொன்னார். சின்னம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு கேட்டாள். அந்தப் பெயர்கள் இங்கே எழுதப்படவில்லை. சொல்ல வேண்டியவள் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டாள்.

எல்லாம் முடிந்து, இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தலைவர் கேட்டார். ரொஹானி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவ்வளவு நேரம் மலாயில் பேசியவள் தன் மொழிக்கு மாறினாள். தணிந்த குரலில், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் பேசுவதுபோல, கொஞ்ச நேரம் பேசினாள்.

தலைவர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அவர் ரொஹானியைப் பார்த்தார்.

"இது உங்களுக்குச் சொன்னது இல்ல" என்றாள் ரொஹானி.

அதைப் பதிவில் சேர்க்க வேண்டாம் என்று தலைவர் செயலாளரிடம் சொன்னார்.