முதல் ஆறு மாச விற்பனை

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடையில் பல வருஷமாக நிற்கிறேன். முதலாளி கோயம்புத்தூர்க்காரர். ஆனால் எனக்குச் சம்பளம் தருவது ஒரு போன் கம்பெனி. அவர்களுடைய போனை மட்டும் எடுத்துக் காட்டி விற்க வேண்டும். ப்ரமோட்டர் என்று பெயர்.

எங்கள் கம்பெனியின் விலை குறைந்த மாடல் ஒன்று வந்தது, பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த வருஷம். பாடமெல்லாம் போனில். எஸ்டேட்டிலிருந்து அப்பாக்கள் பிள்ளையைக் கையில் பிடித்தபடி, பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து வருவார்கள். கேமரா எப்படி, பேட்டரி எப்படி என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. "ஏனுங்க, இதுல கிளாஸ் வருமுங்களா?" அவ்வளவுதான். ஓர் அம்மா தோட்டைக் கழற்றி அடகு வைத்துவிட்டு, காது ஓட்டையில் ஈர்க்குச்சியோடு வந்து நின்றாள். பெட்டி பிரிக்கப் பிரிக்கத் தீர்ந்தது. பிறகு கோயம்புத்தூர் ஓட்டல் ஒன்றில் மேடை போட்டு எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். எல்லாம் என் பேச்சுத் திறமை என்று நானே நம்பிவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்துத்தான் போட்டிக் கம்பெனி அதே விலையில் ஒரு போனை இறக்கியது. அதை விற்க எங்கள் கடைக்கு ஒருத்தி வந்தாள். என்னைவிடச் சின்னவள். புருஷன் விட்டுப்போய், பள்ளிக்கூடம் போகும் மகளோடு பக்கத்துக் கிராமமான கட்டபெட்டில் இருந்தாள். காலையில் முதல் ஆளாக வந்து, பனியில் வியர்த்த கண்ணாடி ஷோகேஸ்களை, என்னுடையதையும் சேர்த்து, துடைத்து வைப்பாள். ஆள் வந்தால் போட்டி போடுவோம். மத்தியானம் குழம்பை மாற்றிக்கொள்வோம்.

உள்ளதைச் சொன்னால் அவள் போன்தான் நல்ல போன். ஆனால் எல்லோர் வீட்டிலும் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதில் உடைந்த கண்ணாடியை மாற்ற மட்டும் வந்தார்கள். பச்சைத் தேயிலைக்கும் அப்போது விலை இல்லை. அவள் வாசலுக்குப் போய் மழையைப் படமெடுத்து வந்து காட்டுவாள். "நல்லாத்தானுங்க இருக்குது. இருக்கறது ஓடட்டும்" என்று கிளம்பிவிடுவார்கள்.

ஆடி மழையில் வியாபாரம் படுத்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அம்மிணி, இனி ஒரு கம்பெனி கவுண்டர்தான் வெக்கப் போறேன். உங்க மாடலும் அவங்க மாடலும் வந்த மொத ஆறு மாசத்துல எத்தன போச்சுன்னு பில் பாத்து எழுதிக் குடு. அவங்க ஆபீசரும் கேக்கறாரு."

எழுதினேன். என் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அவளுடையதை வைக்கவே கூச்சமாக இருந்தது. 'முதல் மாடல் வந்தபோது பாடம் போனில் நடந்தது' என்று கீழே ஒரு வரி சேர்த்தால் போதும். பேனா கையில்தான் இருந்தது. சேர்க்கவில்லை. வீட்டுக்காரருக்கு அப்போது நிலையான வேலை இல்லை என்பது பாதிக் காரணம். அந்த வரியை எழுதினால் கேடயம் என்னுடையது இல்லாமல் போய்விடும் என்பது மீதி.

திங்கட்கிழமை அவளுடைய ஆபீசர் வந்து தாளை அவள் முன்னால் வைத்தார். "ஒரே ஊரு, ஒரே கடை. அவங்க வித்திருக்காங்க. நீங்க ஏன் விக்கல?"

"அது வேற வருஷமுங்க சார்."

"எந்த வருஷமா இருந்தா என்ன? ரெண்டு பேருக்கும் ஆறு மாசந்தானே?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. அன்னைக்கு எப்படி ஓடுச்சுன்னு நீங்கதான எங்கிட்டச் சொன்னீங்க?"

சொன்னது உண்மைதான். சாப்பிடும்போது பெருமையாக எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "பில்லுல இருக்கறத எழுதினேனுங்க" என்றேன் ஆபீசரைப் பார்த்து.

சாயங்காலத்துக்குள் அவள் தன் சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டினாள். முதலாளியிடம் சொல்லிக்கொண்டாள். என்னிடம் சொல்லவில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மனது கேட்காமல் ஒருநாள் கூப்பிட்டேன். பின்னால் தையல் மெஷின் சத்தம். அந்த வரியை எழுதாமல் விட்டதைச் சொன்னேன்.

"இப்பச் சொல்லி என்னங்கக்கா ஆகப் போகுது" என்றாள். "புள்ளைக்குத்தான் ஊரு சேரல. சூடு தாங்காம அடிக்கடி காச்சல் வருது. வருச நடுவுல சேத்ததால பள்ளிக்கூடத்துலயும் ஒட்டல." யாரோ அவளை அதட்டிக் கூப்பிட்டார்கள். "வெக்கறேனுங்க" என்று வைத்துவிட்டாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

அதன்பிறகு இரண்டு முறை கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.