சுண்ணாம்புக் கோட்டு வீடு

ஒன்பது வயதில் எனக்கென்று ஓர் அறை கிடைத்து, அன்றைக்கே அதில் பாதி பறிபோனது. அதற்காக நான் போட்ட கூச்சல் தியாகதுருகம் கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். இத்தனைக்கும் அந்த அறைக்கு அப்போது சுவர்கூடக் கிடையாது.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே, எங்கள் மரவள்ளிக் காட்டை ஒட்டிப் புது வீடு கட்டுவதென்று அப்பா முடிவு செய்தார். எங்கள் பக்கத்தில் வீடு கட்ட மேஸ்திரி போதும். ரொம்பப் போனால் ஓர் இன்ஜினியர். அப்பாவோ யார் பேச்சையோ கேட்டுச் சேலத்திலிருந்து ஆர்க்கிடெக்ட் கம்பெனியைக் கூப்பிட்டுவிட்டார். வந்தது ஒரு அக்கா; தோளில் பை, கையில் நோட்டு. எத்தனை அறை, பூஜை அறை எந்த மூலை என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் எங்கே போவீர்கள், கோபம் வந்தால் எங்கே உட்காருவீர்கள் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டார்.

"வூடு கட்டச் சொன்னா, இன்னாது இது, போலீஸ் ஸ்டேசன் மாதிரி விசாரிச்சிக்கினு!" என்று அப்பா முணுமுணுத்தார். அம்மாவுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அவளை அதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. ஒரு மணி நேரம் பேசினாள். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்றுதான் தன் அக்காவிடம் போன் பேசுகிறாள் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு அப்பா யோசிக்காமல் நாலு பேர் என்றார். அப்பா, அம்மா, நான், தம்பி. அத்தையை எண்ணவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. புருஷனோடு ஏதோ மனஸ்தாபம் என்று சின்னசேலத்திலிருந்து ஒரு பையோடு வந்தவர். இந்தப் பொங்கலுக்கு மாமா வந்து அழைத்துப் போய்விடுவார், இந்த ஆடிக்கு வந்துவிடுவார் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டே இருந்தோம். கூடத்தின் ஓரமாகப் பாய் விரித்துப் படுப்பார். சேலை மாற்ற வேண்டுமென்றால் யாருடைய அறையாவது காலியாகும்வரை காத்திருப்பார். புது வீட்டிலும் அவருக்கு அதே கதிதான் என்று ஆகிக்கொண்டிருந்தது. ஏனென்றால் தனியாக ஓர் அறை போட்டால், மாமா வரவே மாட்டார் என்று நாங்களே வாயால் சொன்ன மாதிரி ஆகிவிடும். தங்கை என்றால் அப்பாவுக்கு உயிர். அதனாலேயே அவரை ஐந்தாவது ஆளாக எண்ண மனசு வரவில்லை.

மூன்றாம் முறை அக்கா ஒரு வாளி சுண்ணாம்புத் தூளோடு வந்து இறங்கினார். வெற்று மனையில் முழு அளவில் வீட்டையே கோடாகப் போட்டுவிட்டார். கதவுக்கு இடைவெளி, ஜன்னலுக்குச் செங்கல். "இன்னிக்கு இதுதாங்க உங்க வீடு. இருந்து பாருங்க," என்றார்.

வந்த வேகத்தில் அப்பா கோட்டைத் தாண்ட, "அப்பா செவுத்துல பூந்துட்டாரு!" என்று தம்பி குதித்தான். அம்மா இல்லாத அடுப்பில் சமைத்து, இல்லாத பாத்திரங்களைக் கழுவக் கொல்லைப்பக்கம் கிளம்பினாள். கூடத்தில் விருந்தாளிகள் உட்காரும் இடத்தைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. ஒரு நிமிஷம் தயங்கி நின்றாள், அவ்வளவுதான். அக்கா செருப்புக் காலால் கோட்டை அழித்துச் சமையலறைக்குப் பின்கதவு வைத்தார். அடேயப்பா, சொல்லாமலே கண்டுபிடிக்கிறாரே என்று நான் வாயைப் பிளந்தேன். பெரியவளானால் நானும் இப்படித்தான் வாளியோடு ஊர் ஊராகப் போக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

சாப்பிட்ட பிறகு, அவரவர் படுக்கிற இடத்தில் போய்ப் படுக்கச் சொன்னார். நல்லவேளை, வெயில் இல்லை. கல்வராயன் மலையைப் பார்த்த பெரிய அறை எனக்கு; கையைக் காலை நீட்டி மண்ணிலேயே படுத்தேன். தம்பி அவன் அறையில். அப்பாவும் அம்மாவும் கூச்சத்தோடு அவர்கள் அறையில் உட்கார்ந்தார்கள். அத்தை மட்டும் காலி கேரியரைப் பிடித்துக்கொண்டு எல்லாக் கோட்டுக்கும் வெளியே நின்றார்.

"நீங்க எங்கங்க படுப்பீங்க?" என்று அக்கா கேட்டார்.

"நான் விருந்தாளிங்க. சும்மா வந்துட்டுப் போறவ."

"பொய்யி!" என்று தம்பி படுத்தபடியே கத்தினான். "நான் பொறக்கறதுக்கு முன்னாடி இருந்தே அத்தை இங்கதான் இருக்குது!" அவனுக்கு வயது ஆறு.

அக்கா அறிவுரை ஒன்றும் சொல்லாமல், வாளியைக் கொண்டுவந்து அப்பாவின் பக்கத்தில் வைத்துவிட்டு, நோட்டைப் புரட்டிக்கொண்டே தள்ளிப் போனார். அந்தப் பக்குவத்தை நினைத்தால் இன்றைக்கும் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அப்பா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுங்க. இன்னும் எத்தினி நாளிக்கி," என்றாள் அம்மா மெதுவாக.

அப்பா எழுந்து, ஒரு கை சுண்ணாம்பை அள்ளி, என் அறைக்குக் குறுக்கே கோடு போட்டார். கோடு கோணலாகப் போனது.

நான் கத்தியது அவர் காதில் விழவே இல்லை. அக்கா அத்தையிடம் ஜன்னல் எங்கே வேண்டும் என்று கேட்டார். "எங்க வேணா வைங்க. கதவுக்கு உள்பக்கம் தாப்பா இருந்தா போதும்," என்றார் அத்தை. என் மலையில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு, ஜன்னலைப் பற்றி அக்கறையே இல்லாமல் பேசுகிறாரே என்று எனக்கு வயிற்றெரிச்சல்.

அந்தக் கோட்டின்மேல்தான் வீடு எழுந்தது. இன்றுவரை ஒரு மூலையைக்கூட மாற்றத் தோன்றவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று அத்தையின் அறையில் ஒற்றைக் கட்டில் போட்டிருந்தது. "மாமா வந்தா எங்க படுப்பாரு?" என்று கேட்டேன். அத்தை என்னைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பெரிய ஜோக் அடித்துவிட்டேன் என்ற பெருமையில், பந்தியில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய் அதையே கேட்டேன். அம்மா ஓடிவந்து ஏன் என் வாயைப் பொத்தினாள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.