கோமதிநாயகம் ஊற்றிய நான்கு பேரிங்குகள்

கோமதிநாயகம் தாராவியில் தனியாகக் கொட்டகை போட்டது 1963-இல். அதற்கு முன் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் இஞ்சின் பிரித்துக் கோர்க்கும் வேலையில் இருந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். முதலாளியிடம் முறைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, "கூடிய சீக்கிரம் திரும்பி வந்து என் வாசலில் நிற்பாய்" என்று அந்த மனிதர் எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். முதல் வேலை கெட்டால் தாராவியில் இரண்டாவது வேலை வராது. அது கோமதிநாயகத்துக்கு நன்றாகத் தெரியும்.

அந்த முதல் வேலை எங்கள் வண்டி. மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் அருகே நன்கொடையில் நடந்த ஒரு பிரசவ விடுதியில் நான் நர்ஸாக இருந்தேன். தாராவி, செம்பூர், தேவ்நார் குடிசைகளில் வலி கண்ட பெண்களை ஏற்றி வர எங்களிடம் ஒரே ஒரு வேன்தான் உண்டு. பட்டாளத்தார் கழித்துக் கட்டிய சீமை வண்டி. உதிரிப் பாகம் கிடைக்காது. இஞ்சினில் கடகட என்று சத்தம் வந்ததும், கனெக்டிங் ராடு பேரிங் நான்கும் தேய்ந்துவிட்டன, புதிதாக ஊற்ற வேண்டும் என்று கோமதிநாயகம் சொன்னார்.

ஊற்றுவது என்றால் என்ன என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைப்பது கனெக்டிங் ராடு. அதன் அடிப்பக்கம் இரண்டு பாதியாகப் பிரியும். கீழ்ப் பாதியை மூடி என்பார்கள். இரண்டு பாதியும் சேர்ந்து கிராங்கைக் கவ்விப் பிடிக்கும். இரும்போடு இரும்பு உரசினால் இரண்டும் நாசம். அதனால் நடுவில் மெத்தென்ற உலோகம் ஒன்று வேண்டும். வெள்ளீயம் பெரும்பங்கு, அதில் கொஞ்சம் ஆண்டிமனி, கொஞ்சம் செம்பு. எண்ணெயோடு தூசி வந்தால் அந்த மென்மையில் புதைந்துகொள்ளும், கிராங்கில் கீறல் விழாது. புது வண்டிகளுக்கு இது தகடாகவே தயாராக வந்துகொண்டிருந்தது. பழைய வண்டிகளுக்கு உருக்கித்தான் ஊற்ற வேண்டும். ஆனால் இந்த உலோகம் வெறும் இரும்பில் பிடிக்காது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதைப் போல முதலில் ஈயம் பூசி, அந்தச் சூடு ஆறுவதற்குள் மேலே ஊற்ற வேண்டும்.

ஆயுத பூஜை முடிந்து வண்டி திரும்பி வந்தது. தையல் இயந்திரம் போல ஓடியது. டிரைவர் பூலோகம் அதைப் புது மாப்பிள்ளையைப் போல அழைத்துக்கொண்டு திரிந்தார்.

ஒரு நாள் காலையில் தேவ்நாரிலிருந்து ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்தோம். செம்பூரைத் தாண்டுவதற்குள் இஞ்சினுக்குள் சுத்தியால் அடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. பூலோகம் உடனே ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்திவிட்டார். பிரசவம் வண்டியிலேயே நடந்தது. ஆண் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. ஆனால் எல்லா முறையும் அப்படி அமையும் என்று எண்ணுவது மடத்தனம்.

வண்டியை இழுத்துக்கொண்டுபோய் கோமதிநாயகத்தின் கொட்டகையில் விட்டார்கள். விடுதியின் செக்ரட்டரி அனந்தநாராயணன் பூலோகத்தைக் கூப்பிட்டார்.

"எண்ணெய் பாத்தியா நீ?"

"பாத்தேன் ஸார். காலைலயே கம்பிய இழுத்துப் பாத்தேன். ஃபுல்லா இருந்துச்சு, கடவுள் கசம், சத்தியமா."

"ஃபுல்லா இருந்தா புது பேரிங் எப்படிய்யா போறது? ஆத்துக்குப் போ. கமிட்டி கூடட்டும், சொல்லியனுப்பறேன்."

சொல்லியனுப்புவது என்றால் வேலை போவது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். வண்டி என்றைக்குத் தயாராகும் என்று கேட்டு வர என்னை தாராவிக்கு அனுப்பினார்.

நான் போனபோது இஞ்சினின் அடிப்பாகம் திறந்து கிடந்தது. பக்கத்துக் கொட்டகையில் லேத் வைத்திருந்த முகைதீனும் அங்கே இருந்தார். பேரிங்குகளை அளவுக்குக் கடைந்து கொடுத்தது அவர்தான். இருவரும் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள், ஓயாமல் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு கோமதிநாயகம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நான்கு மூடிகள் இருந்தன. மூன்று முழுதாக இருந்தன. ஒன்றில் வெள்ளை உலோகம் பொரிந்து, சில்லு சில்லாகக் கழன்று வந்திருந்தது.

"எண்ணெ இல்லாமப் போச்சா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. எண்ணெ காஞ்சிருந்தா கிராங்கு நீலம் பாஞ்சிருக்கும். ஈயம் உருகி வழிஞ்சிருக்கும். இது உருகல. பக்கு உரிஞ்ச மாதிரி கழண்டிருக்கு."

"அப்ப பூலோகம் மேல தப்பில்ல."

"அவன் மேல என்ன தப்பு? சத்தம் கேட்டதும் நிறுத்துனதாலதான் கிராங்கு தப்பிச்சிருக்கு."

"பின்ன யார் தப்பு?"

"அதத்தான் பாக்கேன்."

முகைதீன் அந்த மூடியை எடுத்து வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு கோமதிநாயகத்தின் முகத்தைப் பார்த்தார். மறுபடி மூடியைப் பார்த்தார்.

"என்னவே பாக்கீரு?"

"உம்ம நெத்தியப் பாக்கேன்."

"நெத்தியில என்ன?"

"நெத்தியில உள்ளதுதான் இதுலயும் இருக்கு. மூணு கோடு, நடுவுல ஒரு பொட்டு. அளவு தப்பாமப் போட்டிருக்கீரு."

நானும் குனிந்து பார்த்தேன். உலோகம் கழன்ற இடத்தில் பூசிய ஈயம் வெள்ளியாகப் பளபளத்தது. அதன் குறுக்கே மூன்று பட்டைகள் மட்டும் மங்கிப் பழுப்பாக இருந்தன. நடுவில் வட்டமாக ஒரு கறை. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் நான்கு மூடிகளுக்கும் ஈயம் பூசிவிட்டார் கோமதிநாயகம். கறுத்த இரும்பைப் பிள்ளையார் முன் வைப்பதைவிடப் பளபளப்பாக வைக்கலாம் என்று நினைத்தார். தனிக் கொட்டகையின் முதல் வேலை அல்லவா. நான்கையும் கிண்ணம் போல மல்லாத்தி வைத்து, உட்புறத்தில் திருநீற்றைக் குழைத்துப் பட்டை போட்டு, சந்தனமும் வைத்தார். பூஜையன்று ஆயுதத்தைத் தொடக் கூடாது. மறுநாள் துணியால் துடைத்துவிட்டு, அனல் காட்டி, உலோகத்தை ஊற்றிவிட்டார். அந்தப் பட்டைகளின் மேல் அது ஒட்டவே இல்லை. ஒட்டாத இடத்தில் அடி வாங்கி வாங்கி விரிசல் விட்டு உதிர்ந்தது.

"நீரும் அன்னைக்கு இங்கனதானே இருந்தீரு. ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்றார் கோமதிநாயகம்.

"நான் பொரியும் கடலையும் திங்க வந்தவன். உம்ம சாமி காரியத்துல நான் வாயத் தொறந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் முகைதீன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பேசாம இந்த ஒண்ண ஊத்தி மாட்டிவிட்டிரும். யாருக்குத் தெரியப் போகுது? பூலோகத்துக்கு வேற வண்டி கிடைக்கும்."

"எண்ணெ பாக்காத டிரைவருக்கு எவன் வண்டி குடுப்பான்?"

"விசயம் வெளிய போனா உமக்கு மட்டும் எவன் குடுப்பான்?"

கோமதிநாயகம் எழுந்தார். கையைத் துடைத்து, அந்த மூடியை ஒரு துணியில் சுற்றிக்கொண்டார். "அக்கா, நீங்க மாட்டுங்காவுக்குத்தான போறிய? நானும் வாரேன்" என்றார்.

செக்ரட்டரியின் மேஜையில் துணியைப் பிரித்து வைத்தார். "டிரைவர் தப்பு இல்ல சாமி. என் தப்பு" என்று தொடங்கி, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி முடித்தார். அனந்தநாராயணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவர் நெற்றியிலும் அதே மூன்று பட்டைகள்.

"பகவான் பிரசாதத்தால வண்டி நின்னுதுன்னு கமிட்டிக்கு எப்படி ஓய் சொல்றது?"

"பிரசாதத்தால இல்ல சாமி. பூசின எடத்துல என்ன பட்டாலும் ஒட்டாது. திரும்பத் தேச்சு, திரும்ப ஈயம் பூசி ஊத்தியிருக்கணும். நான் துணியால தொடச்சதோட விட்டுட்டேன்."

"தேய்க்கறதுக்கென்ன?"

"சாமிக்கு வச்சத உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கை வரல."

செக்ரட்டரிக்கு அது புரிந்தது. அவர் கோபம் பாதியாகக் குறைந்ததைப் பார்த்தேன். "சரி. அந்த ஒண்ணைச் சீக்கிரம் ஊத்திக் குடும். வண்டி இல்லாம தவிச்சிண்டிருக்கோம்."

"நாலும் ஊத்தணும். நாலுக்கும்தான் பட்ட போட்டேன்."

"மத்த மூணும் நன்னாத்தானே ஓடறது?"

"இதுவும் நல்லாத்தான் ஓடுச்சு."

"விதண்டாவாதம் பண்ணாதேயும். வண்டியை வேற எடத்துக்கு இழுத்துண்டு போயிடுவேன்."

"கொண்டு போங்க. அங்கயும் நாலையும் ஊத்தச் சொல்லுங்க."

நான் குறுக்கே பேசினேன். அடுத்த தடவை பெண்ணைக் கிடத்திக்கொண்டு நடுரோட்டில் நிற்கப்போவது நான், கமிட்டி அல்ல என்றேன். அனந்தநாராயணன் என்னை முறைத்தார். ஆனால் மறுநாள் காலை ஆபீசுக்குப் போகும் வழியில், இஸ்திரி போட்ட சட்டையோடு தாராவிக்கு வந்து நின்றார்.

கோமதிநாயகம் மற்ற மூன்று மூடிகளையும் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருந்தார். எடுத்து உலரத் துடைத்தார். இரும்பும் வெள்ளை உலோகமும் சேரும் விளிம்பு முழுக்கச் சாக்கட்டியைத் தேய்த்தார். ஒட்டியிருந்தால் சாக்கட்டி வெள்ளையாகவே இருக்கும். இடுக்கு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் வெளியே கசியும். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டு மூடிகள் வெள்ளையாகவே இருந்தன. மூன்றாவதன் விளிம்பில் மெல்ல ஒரு ஈரக் கோடு ஊறி, அகன்றது.

அனந்தநாராயணன் விரலால் தொட்டு முகர்ந்தார். "நாலையும் ஊத்தும்" என்றார். போகும்போது திரும்பி, "பூலோகத்தை வரச் சொல்லிடறேன்" என்றார்.

இந்த முறை கோமதிநாயகம் எதையும் விடவில்லை. பழைய உலோகத்தை உருக்கி எடுத்துவிட்டு, மூடிகளைச் சோடாக் காரத் தண்ணீரில் கொதிக்கவைத்து, இரும்பு தெரியத் தேய்த்தார். பிறகு விரல் படவிடவில்லை, இடுக்கியால்தான் தூக்கினார். எங்கள் பிரசவ அறையில் கொதிக்கவைத்த கத்தரிக்கோலை எப்படிப் பிடிப்போமோ அப்படி. சூடு பதம் பார்க்க, உருகிய உலோகத்தில் ஒரு மரச் சிம்பை விட்டார். அது பற்றாமல் பழுப்பாகக் கருகியதும், ஈயம் பூசி, பூசிய கையோடு ஊற்றினார். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. "உள்ள ஆளு பிரசவத்துல இருக்காரு, பொறவு வாரும்" என்று முகைதீன் அனுப்பிவைத்தார்.

கடைந்து, சுரண்டி, கோர்த்து, வண்டி வெளியே வந்தது. ஓட்டிப் பார்க்க பூலோகம் வந்தார். கோமதிநாயகம் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

"இந்தத் தடவ சாமி கும்பிட்டாச்சா, இல்லையா?" என்றார் பூலோகம். அவருடைய ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

"கும்பிட்டேன். கைய தூரத்துல வச்சுக்கிட்டுக் கும்பிட்டேன். நீ ரோட்டப் பாரு."

செம்பூர் வரை மெதுவாகப் போய் மெதுவாகத் திரும்பினோம். சத்தம் எதுவும் வரவில்லை. மன்னிப்பு என்ற சொல் இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. வண்டி அன்றைக்கே வேலைக்குப் போனது.

முகைதீன் பயந்தபடியே விஷயம் பரவியது. டிரைவர்கள் தேநீர்க் கடையில் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கோமதிநாயகத்துக்குப் 'பட்டை மெக்கானிக்' என்று பேர் விழுந்தது. வேலை கொடுப்பதாகச் சொல்லியிருந்த இரண்டொருவர் வரவில்லை. அவர் காலையில் கொட்டகையைத் திறந்து, கருவிகளைத் துடைத்து வைத்து, முகைதீனின் லேத்தில் கூடமாட வேலை செய்துகொண்டு, மாலையில் மூடிக்கொண்டிருந்தார். பழைய முதலாளியின் வாசல் பக்கம் போகவில்லை.

ஒரு நாள் நான் அந்தப் பக்கம் ஒரு பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, லாரி ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் இறங்கி, "தப்பத் தானே வந்து சொன்னாராமே, அந்தப் பட்டை மெக்கானிக் கடை எதுங்க?" என்று கேட்டார். முகைதீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு லேத் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோமதிநாயகம் வெளியே வந்தார். "நான்தான். என்ன சத்தம் வருது?" என்று கேட்டபடி லாரியின் மூக்கைத் திறந்தார்.