வெள்ளிக் கூசாவில தெரிஞ்சவள்

இது எனக்கு நடந்தது. இஞ்சை பலெர்மோவில, போன வருசம். நம்பாட்டி விடுங்கோ. பொய் சொல்லுறதெண்டால் என்னை நல்லவளாக் காட்டியல்லோ சொல்லுவன்?

என்ர பேர் குகனேஸ்வரி. கால்சா எண்ட பகுதியில ஒரு பழைய வீட்டில, படுத்த படுக்கையாக் கிடந்த சின்யோராவை, அதுதான் வீட்டுக்கார அம்மாவை, சம்பளத்துக்குப் பராமரிச்சனான். குகா எண்டுதான் கூப்பிடுவா. அவவின்ர மகள் எலெனா தூர, மிலானோவில. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில பெரிய சாப்பாட்டுப் படம். பிளெமிஷ் ஓவியன் ஒருத்தன் கீறினதாம், நானூறு வருசப் பழசு. பாண், பன்றித்தொடை, பாதி தோலுரிச்ச தேசிக்காய், வெள்ளிக் கூசா, தட்டில ஆறு சிப்பி.

சின்யோராவுக்குச் சாப்பாடு தீத்த ஒண்டரை மணித்தியாலம் செல்லும். எனக்கெங்கை பொறுமை! நாலு கரண்டி தீத்துவன். மிச்சத்தை நான் சாப்பிடுவன். வெறும் தட்டைப் போட்டோ எடுத்து எலெனாவுக்கு அனுப்புவன். "முழுக்கச் சாப்பிட்டிட்டா." சின்யோரா சுவரில இருந்த சாப்பாட்டையே பாத்துக்கொண்டு கிடப்பா. சீ, இப்ப நினைக்க என்ர முகத்தை எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை.

ஒரு நாள் மத்தியானம் ரெண்டு பத்து. நான் குசினியில. அறைக்குள்ள ஒரு சத்தம்... டக். சிப்பி ஓடு தட்டில விழுந்த மாதிரி. ஓடிப்போய்ப் பாத்தன். சின்யோரா எதையோ மெண்டுகொண்டிருந்தா.

"என்ன சாப்பிடுறியள்?"

"நீ தராததை."

வாயில தேசிக்காய் வாசம். படத்தில சிப்பி அஞ்சு.

பிழையா எண்ணிட்டன் எண்டு நினைச்சன். அடுத்த கிழமை நாலு. பிறகு பாண் குறைஞ்சுது. நான் அப்பவும் திருந்தேல்லை. மாசியில சின்யோரா செத்துப்போனா. தூக்கேக்கை ஒரு சின்னப் பிள்ளையின்ர பாரம்தான் இருந்தா.

எட்டாம் நாள் வீட்டில நான் தனிய. எங்கட சனம் எட்டுக்கு, செத்தவைக்குப் பிடிச்சதெல்லாம் சமைச்சுப் படைச்சுக் கதவைச் சாத்திவிடும். நானும் பல்லரோச் சந்தையில சிப்பியும் மீனும் வாங்கிச் சமைச்சன். படையலுக்கு உப்புப் பாக்கக் கூடாது. தெரியும். பழக்கதோசம்... கரண்டி வாய்க்குள்ள போயிட்டுது.

படைச்சன். கதவைச் சாத்தினன். ரெண்டு பத்து.

டக்.

...டக்.

திறந்தன். படையல் தொடாமல் அப்பிடியே கிடந்துது. படத்தில ஒண்டுமே இல்லை. வெறும் தட்டு. கூசா மட்டும்.

அண்டைக்கே வேலையை விட்டிட்டன். ரெண்டு மாசத்தால எலெனா சேதி அனுப்பினா. படத்தை ஒரு நிபுணர் துப்பரவாக்கினவராம். சாப்பாடெல்லாம் இருக்காம், ஆறு சிப்பியும். ஆனா கூசாவில ஒரு உருவம் தெரியுதாம். பழைய போட்டோ ஒண்டிலயும் அது இல்லையாம். அந்த வர்ணமும் நானூறு வருசப் பழசுதானாம்.

எலெனா அனுப்பின போட்டோவைப் பெருப்பிச்சுப் பாத்தன்.

சின்னதா ஒரு பொம்பிளை. என்ர நிறம். என்ர பச்சைச் சுவெற்றர். வாயில கரண்டி.

"குகா, இது ஆர்?" எண்டு எலெனா கேட்டிருந்தா.

"தெரியாது" எண்டு எழுதினன். அப்பவும் பொய்தான்.